காரணம் உள்ளோர் நீங்கலாக

நெல்லும் உப்பும் குறையாத நெடுங்கழி நாட்டில் நலம் நிற்க. திருமலி அரையர் கோலும் குடையும் நிலைக்க. அவர் அரண்மனையில் பெருங்காவல் அமைச்சராய் அமர்ந்து, கடற்கரையின் ஏழு புகல்மேடுகளையும் மேல்பார்க்கும் நக்கன் அதியனார் திருமுன்புக்கு, கீழைக்கழி அளத்தில் முப்பதாண்டு உப்பு வாரி, இன்று அவ்வூர்ப் புகல்மேட்டுக்குக் காவலாய் நிற்கும் வேம்பன் காரி தலை தாழ்த்தி எழுதிக்கொண்ட ஓலை.

தங்கள் மனையும் மக்களும் தலைநகரின் நான்கு வாயிலும் நலமாய் இருக்கக் கடவன. இவ்விடத்து நலம் கேட்டருளினால், இந்த ஓலையை எழுதும் பொழுது வரை எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

ஐப்பசி இருபத்தோராம் நாள் நண்பகலில் எழுதுகிறேன். நேற்று முதற்கொம்பு ஊதினேன். இன்று இரண்டாம் கொம்பும் ஊதியாயிற்று. ஐந்து நாளாகப் பாத்திகளில் உப்பு பூக்கவில்லை. காற்றே இல்லாமல் கடல் புரளுகிறது. கழிநண்டுகள் வளையை விட்டு வரப்பேறி, வரப்பையும் விட்டு ஊர்த் தெருவில் நடக்கின்றன. வடிய வேண்டிய நேரத்தில் நீர் வடியாமல் மடைப்பலகையை உள்நோக்கித் தள்ளுகிறது. ஒன்பதாண்டுக்கு முன் கடல் ஊருக்குள் ஏறி என் மனையாளையும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கொண்டுபோனபோது இவை யாவும் இவ்வண்ணமே நடந்தன. அன்று எங்களுக்கு இவற்றைப் படிக்கத் தெரியாது. இன்று தெரியும். நாளைக் காலைக்கும் உச்சிப்பொழுதுக்கும் இடையில் மூன்றாம் கொம்பு ஊத வேண்டிவரும் என்பது என் கணிப்பு.

அதற்குள் தங்களிடம் ஒரு பிழையை ஒப்புக்கொண்டு, ஒரு கட்டளையைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. பிழை என்னுடையது. கட்டளை தெற்கே உள்ள நான்கு மேடுகளுக்கு உரியது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்தருள்க. சிலர் பேச்சை அரண்மனை நடைக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன்; சொல்லின் உயிர் போய்விடுகிறது. அதனால் அவர்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

கடல் ஏறிய மறு ஆண்டு, அரையர் கரை நெடுக ஏழு மேடுகள் கட்டுவித்தார். ஒவ்வொன்றும் மூன்று பனை உயரம், ஊர் முழுதும் நிற்கக் கூடிய அகலம். ஒவ்வொரு ஊருக்கும் பழக்குவிக்க ஓர் ஆளை வைத்தார். எங்கள் ஊருக்கு என்னை வைத்தார். பெயர் ஏடு எழுத வேண்டும் என்பதற்காக நாற்பத்தாறாம் வயதில் தங்கள் கணக்கரிடம் எழுத்துப் படித்தேன். பாளம் பாளமாய் வெடித்த கையில் எழுத்தாணி நிற்காது. என் மகள் பூதி அப்போது சிறுபெண், பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பார்த்தே தானும் படித்துக்கொண்டாள். அரையர் தம் நாரை முத்திரை மோதிரம் ஒன்றையும் தந்து, மூன்றாம் கொம்பு ஊதிய பின் காரி சொல்வதே தம் சொல் என்றும், அதற்கு முன் முத்திரையைத் தொட்டால் தொட்ட கை மணிக்கட்டோடு போகும் என்றும் சபையில் உரைத்தார். அந்த நாள் தங்களுக்கு நினைவிருக்கும்.

பழக்கம் எளிதாக வரவில்லை. முதற்கொம்புக்கு அடுப்பை அணைத்து, அவலும் கருப்பட்டியும் தாழம்பையில் கட்ட வேண்டும். இரண்டாவதுக்கு மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். மூன்றாவதுக்குத் தெரு நெடுகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேடேற வேண்டும். புரட்டாசிதோறும் ஒத்திகை என்றேன். முதலாண்டு ஏறியவர்கள் பதினொரு பேர். காரி மண்ணைக் குவிச்சு மலைங்கிறான், ஏறினா மூச்சு வாங்குது, எறங்கினா பசிக்குது, சோறு அரையர் போடுவாரா என்று கேட்டார்கள். மேட்டின் மண்ணைக் கூடை கூடையாய் அள்ளிப்போய் வீட்டுத் தரை மெழுகினார்கள். வடசரிவில் எருமுட்டை காய்ந்தது. நான் ஊர்த் தலைவர்களின் கால் பிடித்துக் கேட்டேன், பயன் இல்லை. கட்டிய மேடு மூன்றாம் மழையில் பாதியாகிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பெரிய பாத்தியின் மடையை அடைக்கப் பயன்பட்டு உடைந்துபோன கருங்கல் ஒன்று வரப்போரம் கிடந்தது. விடியும் முன் அதைச் சுமந்துபோய் மேட்டின் உச்சியில் நட்டு, மஞ்சள் பூசி, அரளிப்பூ இரண்டு வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் ஊரார் கூடிப் பேர் வைத்தார்கள், மேட்டம்மன் என்று. மண் அள்ளுவது நின்றது. எருமுட்டை போயிற்று. அடுத்த புரட்டாசியில் கொம்பொலி அடங்கும் முன் ஊரே உச்சியில் நின்றது. தாங்கள் மகிழ்ந்து எனக்குப் பட்டுத் துண்டு அனுப்பினீர்கள். கீழைக்கழி மாதிரியே ஏனைய ஆறு மேடுகளிலும் அம்மனை எழுந்தருளச் செய்க என்று ஓலையும் விடுத்தீர்கள். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். பட்டுத் துண்டு நன்றாயிருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

அம்மன் வந்தால் அவளுக்கு உரிய நடைமுறைகளும் வரும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. முதலில் பூசாரி சேந்தனார் மேட்டடியில் கால் கழுவத் தொட்டி வைத்தார். பிறகு செருப்பை விடும் இடம் வந்தது. பிறகு தீட்டுள்ளவர் ஏறக்கூடாது என்று ஆயிற்று. சட்டம் போட்டவர் எவரும் இல்லை. கோயில் என்றால் அப்படித்தானே என்று எல்லோர்க்கும் தெரிந்திருந்தது.

பெயர் ஏட்டில் ஏறியவர்க்கு வட்டமும் ஏறாதவர்க்குக் கோடும் இடுவது முறை. தீட்டினால் வராதவரை என்ன செய்வது என்று தங்கள் கணக்கரைக் கேட்டேன். அது தகுந்த காரணம் என்றும், காரணம் உள்ளோர் நீங்கலாக அனைவரும் ஏறினர் என்று ஏட்டின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும் என்றும் அவர் சொன்னார். ஆறு ஆண்டு அந்த வரியை எழுதினேன். எழுத எழுத அந்த ஒரு வரிதான் என் கைக்கு அழகாகவும் வந்தது.

இந்தப் புரட்டாசி ஒத்திகையில் முழங்கால் வலியால் என்னால் மேடேற முடியவில்லை. மூன்றாம் கொம்பு ஊதிவிட்டுக் கீழேயே நின்றேன். ஊர் ஏறி முடித்த பிறகு தெருக்களைச் சுற்றிப் பார்ப்போம் என்று நடந்தேன். எங்கள் ஊரில் விலக்கானவர்களும் பிள்ளை பெற்றவர்களும் தங்கும் குடில் ஊருக்கு வெளியே, அளத்துக்கும் அப்பால், கடலோரம் இருக்கிறது. அலைக்கும் அதற்கும் நாற்பது அடி. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். திறந்தார்கள். பதினான்கு பெண்கள் வரிசையாய் அமர்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் கதவை அடைத்தீர்கள் என்று கேட்டேன். மூணாங்கொம்பு ஊதினா நாங்க கதவடைச்சு உக்காரணும், அதுதானே ஒத்திகை என்றாள் ஒருத்தி. யார் சொன்னது என்றேன். அக்காமார் சொன்னார்கள் என்றாள். ஒரு சிறுமி, முதன்முதலாய் விலகி வந்தவள், தானும் சரியாகச் செய்ததாகப் பெருமையோடு சொன்னாள்.

பெரியீர், மற்றவர்க்கு ஓடக் கற்பித்த என் கொம்பு, இவர்களுக்கு அசையாமல் இருக்கக் கற்பித்திருக்கிறது. ஆறு ஆண்டு நான் எழுதிய வரியின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்று மாலையே தங்கள் ஓலைச்சாலைக்கு எழுதினேன். பன்னிரண்டாம் நாள் மறுமொழி வந்தது. தாம் அனுப்பிய ஏட்டின்படி காரணம் உள்ளோர் நீங்கலாக அனைவரும் ஏறுகின்றனர், ஆதலால் குறை ஏதும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. கணக்கரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் படித்தது நான் எழுதியதைத்தான்.

சேந்தனாரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். தீட்டுள்ளவர் ஏறினால் அம்மன் மேட்டை விட்டுப் போய்விடுவாள் என்று ஊர் நம்பும், நம்பினால் மற்றவரும் ஏறமாட்டார்கள், அப்புறம் உன் கொம்பை நீயே கேட்டுக்கொண்டு நில் என்றார். நீ கூப்பிட்டா வந்தா அவ, காரி? அவளா வந்தவ என்றார்.

என் மகள் பூதி ஒன்பது நாளுக்கு முன் அந்தக் குடிலில் ஆண்பிள்ளை பெற்றாள். இன்று அங்கே அவளோடு பன்னிரண்டு பெண்கள், ஒரு குழந்தை. முதற்கொம்பு ஊதியதும் நேற்று அவளிடம் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது மடைக்கல், நான்தான் நட்டேன், அம்மனும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டு இப்போதே ஏறு என்றேன். அவள் சொன்னாள்: கல்லு மடைக்கல்லாவே இருக்கட்டும்பா, ஏழு வருசம் ஊரு கும்பிட்ட கும்பிடு எங்க போச்சு, மடைக்கா போச்சு? நான் ஏறி, அதுக்கப்புறம் எவ பிள்ளைக்காவது காய்ச்சல் வந்தா என் பேரைத்தான் சொல்லுவாங்க. கடல் ஒரு நாள்தான் வரும். அந்தப் பேச்சு தினம் வரும்.

அப்படியானால் கல்லைப் பிடுங்கிக் கீழே போடுகிறேன் என்றேன். மருத்துவச்சி கொற்றி உள்ளே என் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தீட்டுள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையில் நடந்துபோக எங்கள் ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. அவள் அங்கிருந்தே பேசினாள். கல்லை நீ எறக்கினா ஊரே கல்லோட கீழ உக்காரும், வெளங்காதவனே, அம்மா இருக்கிற இடம்தான் காப்புன்னு ஏழு வருசம் நீதானே பழக்கினே என்றாள். நான் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டேன். அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சொன்னது இது: ஏழு வருசமா அவ தனியா மேட்டு மேல நிக்கிறா. அவளும் பொம்பளதானே. ஒரு மாசம்கூட அவ வெலகலையா? யாராச்சும் கேட்டீங்களா? வெலகினவளுக்குத் துணை வெலகினவதானே. பூசாரியா போய் உக்காருவான்?

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். பூதியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூச்சு வந்தது.

எங்கள் வழக்கம் தாங்கள் அறியாததன்று. விலகியிருக்கும் பெண்ணிடம் ஏனையோர் போவதில்லை. விலகியிருக்கும் பிற பெண்கள் போய் உடன் இருப்பார்கள், சேலை கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அம்மன் விலகியிருக்கிறாள் என்றால் அவளிடம் போகக் கூடியவர்கள் குடிலில் இருப்பவர்கள் மட்டுமே. அவர்கள் போயே ஆகவேண்டும். அதுவும் முதலில் போகவேண்டும்.

சேந்தனாரிடம் ஓடினேன். கொற்றி சொன்னதைச் சொன்னேன். சொல்வது தவறென்று தோன்றவில்லை, ஆனால் உன் வாயால் சொன்னால் மகளுக்காகச் சொல்கிறான் என்பார்கள். அரையர் ஓலை வந்தால் நானே நின்று படிக்கிறேன் என்றார். தலைநகருக்கு ஆள் போய், அரையரைக் கண்டு, ஓலை பெற்று வர இரண்டு நாள். கடல் ஒரு நாள்தான் தந்திருக்கிறது.

ஆதலால் அரையர் எழுதியதாக நானே ஓலை எழுதினேன். மூன்றாம் கொம்பு ஊதும் முன் மோதிரத்தைக் கழற்றி அரக்கில் பதித்தேன். இதைத் தங்களுக்கு அறிவிப்பதே என் முதற்கடமை என்று கருதுகிறேன். யாரும் தூண்டவில்லை. கொற்றிக்கும் சேந்தனாருக்கும் தெரியாது.

இன்று காலை ஊர் கூடியது. ஓலை எப்படி ஓரிரவில் வந்தது என்று கேளாமல் சேந்தனார் அதைப் படித்தார். வழக்கப்படி ஓலையை எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெண்களுக்கும் இது உரியது என்று சொல்லி, சேந்தனார் அதைக் குடிலின் வாசல் மணலில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பூதி பிள்ளையோடு வந்து எடுத்தாள். கண்ணில் ஒற்றவில்லை. படித்தாள். முழுவதும் படித்தாள். பிறகு தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் படிந்த கை ஒளிந்துகொள்ளாது. அருகில் அமர்ந்து பார்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

கல்லைப் பற்றிய உண்மைக்கு அவள் அசையவில்லை. இந்தப் பொய்க்கு அசைந்தாள். ஓலையைத் தலைமேல் வைத்து, அரையர் சொல்லிட்டாரு, அம்மாவுக்கு எந்தச் சேலை எடுக்கலாம் என்று மற்றப் பெண்களைக் கேட்டாள். நீலம் என்றாள் ஒருத்தி. நீலம் சாயம் போகும் என்றாள் இன்னொருத்தி. அம்மனுக்கு எந்த நிறம் என்று அங்கே ஒரு சண்டையே நடந்தது. ஏறலாமா என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பின் பூதி வாசலில் என்னை நிறுத்தி, தணிந்த குரலில், கை போச்சுன்னா சோறு நான் ஊட்டுறேன் என்றாள்.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஏழு மேட்டிலும் கல் இருக்கிறது. ஏழு ஊரிலும் கடலோரத்தில் அந்தக் குடில் இருக்கிறது. ஏழு ஏட்டின் அடியிலும் அதே வரி இருக்கிறது. தாங்கள் ஓலைச்சாலையில் எடுத்துப் பார்க்கலாம். வடக்கே இருக்கும் இரண்டு மேடுகளுக்கு இதே ஓலையைப் படியெடுத்து ஆள் விட்டிருக்கிறேன். தெற்கே முகத்துவாரம் பொங்குகிறது, தோணி போகாது. அந்த நான்கு ஊர்களுக்கும் தலைநகரின் வழியாக மட்டுமே குதிரை போகும். இந்த ஓலை இன்று அந்தி சாயும் முன் தங்கள் கைக்கு வரும். போன முறை தெற்கே கடல் எங்களுக்கு அரை நாள் பிந்தி ஏறியது. அந்த அரை நாள்தான் இருக்கிறது. அரையரைக் கண்டு, அவர் உண்மையாகவே சொல்ல வேண்டிய சொற்களாக இவற்றை ஏற்று, உடனே விடுத்தருள்க. நான் எழுதிய கட்டளை இது:

திருமலி அரையர் ஆணை. மூன்றாம் கொம்பு ஊதிய கணம் முதல் மேட்டம்மன் விலகியிருக்கிறாள் என்று அறிக. விலகியிருக்கும் பெண்டிரும், பிள்ளை பெற்றோரும், சாவு வீட்டாரும் ஏனைய எவர்க்கும் முன்னதாக ஏறி, உச்சியின் கிழக்குப் பாதியில் அம்மனுக்குத் துணை இருக்கக் கடவர். அவர்கள் ஏறி முடியும் வரை கால் கழுவும் தொட்டி கவிழ்ந்தே கிடக்கக் கடவது. ஏனையோர் மேற்குப் பாதியில் நிற்க. நடுவே கீற்றுத் தட்டி ஒன்று போதும். துணை போகாமல் குடிலில் தங்குபவர் அம்மனைத் தனியே விட்டவர் ஆவர். இனிப் பெயர் ஏட்டில் காரணம் என்ற சொல் எழுதப்படாது. ஏறியவர், ஏறாதவர் என்ற இரண்டே வரிசை.

இதில் அரையருக்கு ஒவ்வாத சொல் இருந்தால் மழைக்குப் பின் திருத்திக்கொள்ளலாம். கடல் வடியும் வரை திருத்த வேண்டாம் என்று இரண்டு கையும் கூப்பிக் கேட்கிறேன்.

முத்திரைக் குற்றத்துக்குரிய தண்டனையை மறுக்கவில்லை. கடல் வடிந்து, மேட்டிலிருந்து ஊர் இறங்கி, ஏட்டை முடித்து அனுப்பிய மறுநாள் நானே நடந்து வருகிறேன். ஏடு எழுதி முடியும் வரை வலக்கை எனக்கு வேண்டும். ஒருவேளை நான் வரவில்லை என்றால், என்னை எந்த வரிசையில் எழுதுவது என்பதைப் பூதி அறிவாள். அவள் கை என் கையைவிட நன்றாயிருக்கும்.

நண்டுகள் இப்போது என் காலடியில் நடக்கின்றன. கடல் இன்னும் வடியாமல் நிற்கிறது. குடில் வாசலில் பன்னிரண்டு பெண்கள் மஞ்சள் சேலை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டு, நிற்கிறார்கள். இத்தனை ஆண்டில் அந்தக் கதவு பகலில் திறந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

நெடுங்கழி நாடு நிலத்தில் நிற்க. அதன் மக்கள் நீருக்கு மேலே நிற்க. ஐப்பசி இருபத்தொன்றில், கீழைக்கழிப் புகல்மேட்டின் அடியில், வேம்பன் காரி கையெழுத்து. நாரை முத்திரை இட்டேன்; இதையும் கொம்புக்கு முன்னரே இட்டேன். ஓலை கண்டதும் தெற்கே குதிரை புறப்படுக.